எச்சில் கம்பவுண்டரம்மா

அந்த அம்மாள் ஓர் இட்லியைத் தின்று முடிப்பதற்குள் நான் கிணற்றுக்கு மூன்று நடை போய்த் தண்ணீர் கொண்டுவந்துவிடுவேன். எங்கள் வீட்டுக்கும் அவர் குடியிருந்த அறைக்கும் ஒரே முற்றம். காலையில் அவர் அறைவாசலில் பலகை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார். ஒரு விள்ளலை வாயில் போட்டால் தாடை ஒரே சீராக அசைந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் இடது கையைத் தூக்கி நிறுத்தச் சொல்வார். விழுங்கிய பிறகுதான் பதில் வரும். அதற்குள் கேட்டவருக்குக் கேள்வி மறந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் மலையடிவாரத்தில் தேங்காய், கற்பூரம், வெல்லம் விற்கும் கடை வைத்திருந்தார். "மணி பாக்க வேணாம். அந்தம்மா ரெண்டாவது இட்லிக்கு வந்துட்டாங்கன்னா நான் கடையத் தொறக்கற நேரம்" என்பார்.

நான் பொதட்டூர்பேட்டையில் தறி வீட்டில் பிறந்து திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டவள். அந்த அம்மாள் ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கிறவர். பெண்பிள்ளை கம்பவுண்டரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வாலாஜா பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், மிஷன் ஆஸ்பத்திரியில் தொழில் படித்தவர். நாற்பதை ஒட்டிய வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எதிரில் கம்பவுண்டரம்மா, முதுகுக்குப் பின்னால் எச்சில் கம்பவுண்டரம்மா.

எச்சில் என்ற சொல்லைக் கூசாமல் வாய்விட்டுச் சொல்வார் என்பதுதான் காரணம். கோயில் ஊர் அது. குடிக்கிற செம்பு உதட்டில் பட்டுவிட்டால் திரும்பத் தேய்த்துக் கழுவுகிற ஊர். அங்கே மருந்து வாங்க வரிசையில் நிற்கிற பெண்களிடம், "உன் வாயில ஊறுதே, அந்த எச்சில்தான் மொதல் மருந்து. அத வீணாக்கிட்டு எங்கிட்ட வந்து நிக்கற" என்று சொன்னால் எப்படி இருக்கும்? சிலர் காதைப் பொத்திக்கொள்வார்கள். சிலர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

யாருக்கு எந்த நோவு என்றாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான். "நேத்து இன்னா துன்னே?"

முழங்கால் வலி என்று வந்தவனையும் அதையே கேட்டார் என்று ஊரில் கதை கட்டியிருந்தார்கள். கதையில்லை, நிஜம். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

யுத்தம் முடிந்திருந்தும் அரிசிக்கு அளவு போட்டிருந்த வருஷங்கள் அவை. அரிசிக்குப் பதிலாகக் கோதுமையும் மக்காச்சோளமும் கொடுத்தார்கள். அவற்றை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சோறு மாதிரியே முழுசாகப் போட்டு வேகவைத்தோம். திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்து நடவுக்குப் போகிற ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மக்காச்சோளத்தை வேகவைத்துத் தின்றாளாம். மூன்று நாளாக உடம்பில் வலுவே இல்லை என்றாள்.

"மென்னு துன்னியா, முழுங்கிட்டியா?"

"கயனிக்கு நேரமாவுதேன்னு முழுங்கிட்டேங்க."

"துன்னது எப்படி வெளிய வந்துது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்படியே தாங்க."

"அப்போ அது உன் ஒடம்புக்கு வரவே இல்லம்மா. உன் வழியா நடந்து போயிருக்கு. திருத்தணியில எறங்காம ரயில்லயே ரேணிகுண்டா போறவன் மாதிரி."

வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். சோளத்தை எப்படி உடைத்து, ஊறவைத்து, களியாகக் கிண்டுவது என்று சொல்லிக்கொடுத்த பிறகுதான் மருந்து மிக்சர் பாட்டிலை எடுத்தார். அவசரமாக வந்தவர்களுக்கு இதெல்லாம் பெரிய தொல்லை. வரிசை நகராது. டாக்டர் நல்ல மனுஷர். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் சீக்கிரம்" என்பார். "ஆங், இதோ" என்பார் இவர். சீக்கிரம் மட்டும் வராது.

ஆடிக் கிருத்திகை வந்தால் அவருக்குக் கொண்டாட்டம். காவடி எடுத்து வருகிறவர்கள் பட்டினி கிடந்து மலையேறி, இறங்கினதும் கண்டதையெல்லாம் வாங்கித் தின்பார்கள். ஒரு வருஷம் நகரிப் பக்கத்து ஆள் ஒருவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மஞ்சள் வேட்டி, உடம்பெல்லாம் விபூதி, நல்ல பெரிய ஆகிருதி. வயிறு கல்லாக இருந்தது. புளிச்சோறு, வடை, பலாச்சுளை, அதற்கு மேல் கருப்பஞ்சாறு என்று கூட வந்தவர் பட்டியல் சொன்னார். டாக்டர் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார். இந்த அம்மாள் மருந்தைக் கொடுத்துவிட்டு அந்த ஆளின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நைனா, உள்ள இருக்கறவங்க ரெண்டு நாளா வேலையில்லாம தூங்கிகினு இருந்தாங்க. நீங்க ஒரு கல்யாணப் பந்தியையே ஒரே நிமிஷத்துல உள்ள தள்ளிட்டீங்க. அவங்க இன்னா பண்ணுவாங்க?"

"யாரும்மா உள்ள?" என்றார் அவர் பயந்துபோய்.

"சமையல்காரங்க. வாயில ஒருத்தன், அவனுக்குச் சோறு மட்டுந்தான் தெரியும். வயித்துல ஒருத்தன், புளிப்புத் தண்ணியில நின்னுகினு பருப்பையும் கறியையும் பிரிப்பான். அதுக்குக் கீழ வயித்துக்குப் பின்னால இருந்து ஒரு கூட்டமே வரும். எண்ணெய்க்குத் தனியா ஆளு. ஒருத்தன் வேலைய இன்னொருத்தன் தொடமாட்டான்."

அந்த ஆள் தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் எழுந்து உட்கார்ந்தார். அடுத்த வருஷம் கிருத்திகைக்கு வந்தபோது கம்பவுண்டரம்மாவைத் தேடி வந்து, "இந்த வருஷம் அவங்களுக்கு மொதல்ல கஞ்சித் தண்ணி குடுத்து எழுப்பிட்டேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொல்வதெல்லாம் சரியாகவே நடந்தது என்று நினைக்க வேண்டாம். என் மாமியாருக்கு ஒரு காய்ச்சல் வந்து தேறியபோது, பசும்பால் தினம் ஒரு டம்ளர் குடித்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அத்தை வேண்டாம் என்றார். இவர் விடவில்லை. நான்கு நாள் குடித்தார். வயிறு உப்பி, இரைச்சல் போட்டு, அத்தை கொல்லைக்கும் கூடத்துக்குமாக நடந்து ஓய்ந்துபோனார். ஐந்தாம் நாள் கம்பவுண்டரம்மா வந்து அத்தையின் எதிரில் உட்கார்ந்து, "நான் சொன்னது தப்புங்க" என்றார்.

அத்தை இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக இருந்தவர்.

"மோர் குடிச்சா இப்படி ஆவுதா?"

"மோரு நல்லாதான் கீது."

"அப்போ பாலப் பிரிக்கற ஆளு உங்க வயித்துல வேலைய விட்டுட்டுப் போயிருக்கணும். எல்லாருக்கும் எல்லா ஆளும் கடைசி வரைக்கும் இருக்கமாட்டாங்க போலிருக்கு. எனக்கு இது தெரியாது. இன்னைக்கு உங்ககிட்ட கத்துகினேன்."

அதற்குப் பிறகு பாலைப் பற்றி யாரிடமும் அவர் அடித்துப் பேசியதில்லை. அத்தையோ, ஆஸ்பத்திரிக்காரியே தன்னிடம் பாடம் கேட்டுக்கொண்டாள் என்று தெருவெல்லாம் சொன்னார். ஆனாலும் அவரை எங்கள் சமையலறைக்குள் விடமாட்டார். முற்றத்தோடு சரி.

இனி என் பெண்ணின் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அந்த அம்மாளைச் சொல்ல முடியாது.

என் பெண்ணுக்கு ஆறு மாதம் ஆனபோது எனக்குக் குளிர் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. பசும்பால் கிடைத்த நாள் கொஞ்சம், கிடைக்காத நாள் அதிகம். அரிசிக் கஞ்சிதான். கெட்டியாகக் கொடுத்தால் இரண்டு சங்கு உள்ளே போவதற்குள் தலையைத் திருப்பிக்கொள்வாள். தண்ணீராக்கிக் கொடுத்தால் குடிப்பாள், ஒரு நாழிகையில் மறுபடியும் அழுவாள். எட்டு மாதத்தில் தொடையில் தோல் மடிந்து தொங்கியது. அழுகைச் சத்தமும் குறைந்துவிட்டது. அழுதவரைக்கும் எனக்குத் தைரியம் இருந்தது. அவள் சும்மா கிடக்க ஆரம்பித்த பிறகுதான் பயம் வந்தது.

டாக்டர் மருந்து கொடுத்தார். "மருந்து பெரிசில்லம்மா. சாப்பாடு உள்ள போயி ஒட்டணும்" என்று அவரே சொன்னார்.

கம்பவுண்டரம்மா என் வீட்டுக்காரரின் கடையிலிருந்து வெல்லம் நிறுக்கும் தராசைக் கொண்டுவரச் சொன்னார். தட்டில் துணி விரித்துப் பாப்பாவைக் கிடத்தி நிறுத்தார். பதினோரு ராத்தல். "இந்த வயசுக்குப் பதினாறாவது இருக்கணும்" என்று சொல்லித் தராசைச் சுருட்டி வைத்தார்.

மறுநாள் ஒரு படி கேழ்வரகை ஊறவைத்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டார். இரண்டு நாளில் முளை விட்டது. வெயிலில் காயவைத்து, முளையைத் தேய்த்து உதிர்த்து, அரைத்து, சலித்த மாவை ஒரு டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தார். "கஞ்சியக் கெட்டியா காய்ச்சு. ஒரு ஸ்பூன் இந்த மாவப் போட்டுக் கலக்கு. தண்ணியா எளகிடும். அதக் குடு" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

நான் கொதிக்கிற கஞ்சியில் மாவைப் போட்டுக் கலக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கெட்டியானது. அத்தை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா சொன்னாங்கன்னு நாலஞ்சு நாளு போச்சு" என்றார். குரலில் கோபம் இல்லை. "ரெண்டு புள்ளைங்களக் குழியில வெச்சவ நானு. எனக்கு இந்த மாதிரி புள்ளையப் பாத்தா தெரியும். மலைக்கு வேண்டிகினு சும்மா இருக்கலாம், அம்மாடி."

அந்தச் சொல்லைக் கேட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கம்பவுண்டரம்மாவிடம் பானையை முற்றத்துக்குக் கொண்டுவந்து காட்டினேன். "எப்பப் போட்டே?"

"கொதிச்சுகினு இருக்கறப்போ, அக்கா."

நெற்றியில் அடித்துக்கொண்டார். "என் தப்பு. சொல்லாம பூட்டேன். முளைக்கற தானியத்துக்குள்ள ஒரு சரக்கு ஊறும், தங்கச்சி. அதுதான் மாவை அறுத்து முளைக்குச் சோறு குடுக்கும். கொதியில போட்டா அது செத்துடும். வறுத்தாலும் செத்துடும். எறக்கி வெச்சு, வெரல வெச்சா சுடணும், ஆனா எடுக்கத் தோணக் கூடாது. அந்தச் சூட்டுல போடணும்."

முற்றத்தில் அடுப்பு மூட்டி அவரே மறுபடி காய்ச்சினார். இறக்கி ஆறவைத்தார். விரல் விட்டுப் பார்த்தார். ஒரு ஸ்பூன் மாவைப் போட்டுக் கலக்கினார். கரண்டியைத் தூக்கினால் கட்டியாக நின்ற கஞ்சி கொஞ்ச நேரத்தில் தொளதொளத்தது. பிறகு கரண்டியிலிருந்து மோர் மாதிரி ஒழுகியது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நானோ பாப்பாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். என் பிறந்த வீட்டில் தறியின் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவோம். பழைய கஞ்சி நீர்த்துப் போயிருந்தால், நூலில் ஒட்டாது, கெட்டுவிட்டது என்று என் நைனா தூக்கி ஊற்றச் சொல்வார். நீர்த்த கஞ்சி கெட்ட கஞ்சி என்றே நான் வளர்ந்தவள். அத்தையும் அதைத்தான் சொன்னார். "கெட்டுப் பூட்டுது. இத எம் பேத்திக்குக் குடுக்க வுடமாட்டேன்."

கம்பவுண்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தம் அறைக்குப் போய் மூன்று கண்ணாடி பாட்டில்களும் காயத்துக்குப் போடுகிற டிஞ்சரும் கொண்டுவந்து துவைக்கிற கல்லின் மேல் வைத்தார். மூன்றிலும் வடிகட்டிய அரிசிக் கஞ்சியைக் கொஞ்சம் ஊற்றினார். ஒன்றை அப்படியே விட்டார். ஒன்றில் முளைமாவைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து ஊற்றினார். மூன்றாவதை அத்தையிடம் நீட்டினார்.

"இதுல துப்புங்க."

அத்தை இரண்டடி பின்னால் போனார். "இன்னா சொல்றே நீ?"

"உங்க எச்சில்தான் வேணும். நான் துப்பினா நான் ஏதோ மருந்து வெச்சிருந்தேன்னு சொல்வீங்க."

அத்தை என்னைப் பார்த்தார். நான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் எங்களை யாரையும் பார்க்கவில்லை. அத்தை பாட்டிலை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பித் துப்பினார்.

அந்தப் பாட்டில்களைக் கைக்குள் பொத்திச் சூடாக வைத்திருக்கச் சொன்னார் கம்பவுண்டரம்மா. அத்தை ஒன்று, நான் ஒன்று, அவர் ஒன்று. பத்து நிமிஷம் மூன்று பேரும் முற்றத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். கடையிலிருந்து சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார்.

பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு டிஞ்சர் விட்டார். சும்மா விட்ட கஞ்சி கறுநீலமாக மாறியது, அவுரிச் சாயத்தொட்டி மாதிரி. முளைமாவுத் தண்ணீர் விட்டது நீலமாகவில்லை, டிஞ்சரின் மஞ்சள் நிறமாகவே நின்றது. அத்தையின் பாட்டிலிலும் அதே மஞ்சள்தான்.

"மாவுச்சத்து இருந்தா நீலமாவும். இந்த ரெண்டுலயும் மாவுச்சத்து இல்ல. இனிப்பா மாறிடுச்சு. உங்க எச்சில் பண்ற வேலையத்தான் இந்த முளையும் பண்ணுது. கெட்டுப்போவல. பாப்பாவுக்கு உள்ள அந்த வேலை செய்யத் தெம்பு இல்ல, நாம வெளிய செஞ்சு குடுக்கறோம். கெட்டிக் கஞ்சியில இருந்தது பூரா இதுக்குள்ள கீது. குடிக்க மட்டும் லேசாயிடுச்சு."

எனக்கு நூல் ஞாபகம் வந்தது. நெய்த துணியை இழை இழையாகப் பிரித்துப் போட்டால் நூல் எங்கும் போய்விடாது, துணிதான் இல்லாமல் போகும். அப்படித்தான் அதைப் புரிந்துகொண்டேன். அத்தை மஞ்சள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"எச்சிலுக்கு இவ்ளோ சக்தியா?" என்றார். பிறகு, "மாவு போட்டதவிட என்னுதுதான் தெளிவா கீது, இல்ல?"

"ஆங், உங்களுதுதான்" என்றார் கம்பவுண்டரம்மா.

முளைமாவின் வேலை முடிந்துவிட்டதால், முற்றத்தில் காய்ச்சிய கஞ்சியை இன்னொரு முறை ஒரு கொதி விட்டு, ஆறவைத்து, சங்கை எடுத்து அத்தையே பாப்பாவுக்குப் புகட்டினார். முதல் சங்கு உள்ளே போனது. இரண்டாவது, மூன்றாவது. தலையைத் திருப்பவில்லை. அத்தை ஏழாவது சங்கையும் நிரப்பினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, கம்பவுண்டரம்மா எங்கள் பக்கம் பார்க்காமல் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

உடனே தேறிவிட்டாள் என்று சொல்லமாட்டேன். நடுவில் ஒரு வாரம் வயிற்றுப்போக்கு வந்து எல்லோரையும் ஆட்டிவைத்தது. கை கழுவுவதிலிருந்து துணி அலசுவது வரை அவர் என்னைத் திட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சிலிருந்து திரும்பியதும் தராசு வரும். பதினொன்றே கால். பதினொன்று. பன்னிரண்டு. ஆறாவது ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைத் தட்டில் வைத்ததும் அவள் தராசுச் சங்கிலியைப் பிடித்து ஆட்டி, வைத்த எடைக்கல்லைக் கீழே தள்ளிவிட்டாள். பதினான்குக்கு மேல் இருந்தது. எவ்வளவு மேல் என்று பார்க்க முடியவில்லை, தட்டு நிற்கவே இல்லை. கம்பவுண்டரம்மா அன்று வாய்விட்டுச் சிரித்த சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அத்தை உள்ளே போய், "வாம்மா, கொஞ்சம் தோசை ஊத்தறேன்" என்று கூப்பிட்டார். சமையலறையிலிருந்து கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவர் திருத்தணியில் இருந்தார். முளைகட்டின கேழ்வரகு மூட்டை எங்கள் தெருவில் பல வீடுகளில் தொங்கியது. பிறகு சித்தூருக்கு மாற்றல் வந்தது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள். பாப்பா ஓடி வந்து பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தாள். தூக்கிக் கீழே விட அவருக்கு மனம் வராமல், அவள் தானாக இறங்கும் வரை வண்டிக்காரனைக் காக்கவைத்தார்.

அவர் இடத்துக்கு ஒரு வாலிபன் வந்தான். மரியாதையான பிள்ளை, கைவேகம் அதிகம். சீட்டை வாங்குவான், பாட்டிலை நிரப்புவான், அடுத்த ஆளைக் கூப்பிடுவான். பத்து மணி வரிசை பதினோரு மணிக்கெல்லாம் காலியாகிவிடும். முதல் வாரம் எல்லோருக்கும் திருப்திதான்.

இரண்டாம் வாரம் அத்தைக்கு நெஞ்செரிச்சல் என்று நான் துணைக்குப் போனேன். எங்களுக்கு முன்னால் அம்மையார்குப்பத்துப் பெண் ஒருத்தி. சீட்டை நீட்டிவிட்டு, அவன் கேட்காமலே, "நேத்து பொழுது சாய கேவுரு களி, கருவாட்டுக் கொழம்பு. அவசரத்துல முழுங்கிட்டேங்க" என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மருந்தைக் கொடுத்தான். அவள் நகராமல் நின்றாள். இன்னும் ஏதோ கேட்பான் என்று காத்திருந்தாள்.

அத்தை அவளைத் தாண்டி முன்னால் போய் மேசையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"காலையில ரெண்டு இட்லி, காரச்சட்னி. நல்லா மென்னேன். மத்தியானம் கத்திரிக்கா கொழம்பு, அது மெல்லல. நேத்துலேர்ந்து சொல்லணுமா, முந்தாநாள்லேர்ந்தா?"

"இதெல்லாம் எதுக்கு பாட்டிம்மா? எங்க நோவுது, அத மட்டும் சொல்லுங்க."

அத்தை திரும்பி வரிசையைப் பார்த்தார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புதுசு, பாவம்" என்றார் அத்தை எங்களிடம். பிறகு அவன் பக்கம் திரும்பி, பக்கத்தில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நிதானமாகச் சொன்னார்: "பேனாவ எடு, நைனா. எழுதிக்க."